தெய்வத்தின் குரலும் நோயின் குரலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா என்றால் இசை உண்டு, நாடகம் உண்டு, குழந்தைகளின் நடனம் உண்டு. இவற்றிற்கு நடுவே ஓர் உளமருத்துவனை மேடையேற்றி அரைமணி நேரம் பேசச் சொன்ன செயலாளரின் துணிவை முதலில் பாராட்டுகின்றேன். "எதைப் பற்றிப் பேசட்டும்?" என்று அவரைக் கேட்டேன். "மனநோயைப் பற்றியே பேசுங்கள், ஆனால் எவர் வீட்டையும் சுட்டுவதுபோல் இருத்தல் வேண்டா" என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. நம் காலனியில் ஒரு வீட்டுச் செய்தி அடுத்த வீட்டிற்குச் செல்ல இடையே உள்ளது ஒற்றைச் சுவர்தான். ஆதலால் உங்களைக் கடல் கடந்து, ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்கோடிக்கு அழைத்துச் செல்ல எண்ணினேன். அங்கு வாழும் கோசா மக்களுள் மனச்சிதைவு நோயுற்றவர்களிடம் காணப்படும் சமயம் சார்ந்த பிறழ்நம்பிக்கைகளே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். தொலைவிலுள்ள விளக்கு சில வேளைகளில் நம் முற்றத்தையும் காட்டும்.

கோசா மக்கள்

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாநிலம் கோசா மக்களின் தாயகம். அந்நாட்டில் சூலு மொழிக்கு அடுத்தபடியாக மிகுதியானோர்க்குத் தாய்மொழியாக விளங்குவது கோசா மொழி. அதனைப் பேசுவோர் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர். 1994-ஆம் ஆண்டு அந்நாட்டின் குடியரசுத் தலைவரான நெல்சன் மண்டேலா இம்மக்களுள் ஒருவரே. 'கோசா' என்று நான் சொல்வது அரைகுறையான ஒலிப்பு. வண்டிக்காரன் மாட்டை விரட்ட நாக்கைக் கன்னத்துப் பற்களோடு ஒட்டிச் சொடுக்குவான் அல்லவா? அத்தகைய சொடுக்கொலி ஒன்று அப்பெயரின் தொடக்கத்திலேயே உண்டு.

அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இன்று கிறித்தவர்கள். ஆயினும் மறைந்த முன்னோரை அவர்கள் மறந்தாரல்லர். இறந்தவர் வீட்டை விட்டு நீங்கிவிடுவதில்லை, கனவில் வருவர், அறிவுரை கூறுவர், கடமையை மறந்தால் நோயைத் தந்து நினைவூட்டுவர் என்பது அவர்கள் கொள்கை. ஞாயிறு காலையில் தேவாலயத்தில் பாடும் குடும்பமே, பின்னர் ஒரு நாள் முன்னோர்க்காக ஆட்டை அறுத்துப் படைக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று அவர்களுட் பலர் கருதுவதில்லை.

இத்தகைய ஓர் உலகில் இருபது வயது இளைஞன் ஒருவன், "என் பாட்டனார் என்னோடு பேசுகின்றார்" என்று சொல்கின்றான் எனக் கொள்ளுங்கள். அவன் நோயாளியா, அன்றிப் பக்தியுடைய பேரனா? இந்த வினாவிற்கு விடை காண்பது எளிதன்று. தவறான விடையால் வாழ்வு இழந்தவர் பலர். ஆதலின் முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள்.

நோயின் இயல்பு

மனச்சிதைவு நோய் என்று தமிழிலும் ஸ்கிஸோஃப்ரினியா என்று டாக்டர்களாலும் சொல்லப்படும் இந்நோய், உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவரைப் பற்றுகின்றது. கல்லூரிப் பருவத்திலும் அதனை அடுத்த சில ஆண்டுகளிலுமே பெரும்பாலும் தலைகாட்டுகின்றது. திரைப்படங்களில் காட்டுவதுபோல் ஓர் உடலுக்குள் இரண்டு மனிதர் குடியிருக்கும் விந்தையன்று இது. எண்ணம், உணர்ச்சி, புலனறிவு ஆகியவற்றைப் பிணைத்து நிற்கும் கட்டு தளர்ந்துபோவதே இந்நோய். அருகில் எவரும் இல்லாதபோது குரல் கேட்கும். தன் எண்ணத்தைப் பிறர் திருடுவதாகத் தோன்றும். நண்பர், படிப்பு, உணவு, நீராடல் எல்லாவற்றிலும் பற்று அற்றுப்போகும்.

இவற்றோடு சேர்ந்து வருவதே பிறழ்நம்பிக்கை. எத்தனை சான்று காட்டினும் அசையாததும், அவனுடைய சொந்த மக்களே ஏற்காததும் ஆகிய தவறான உறுதி அது. "நானே தேவகுமாரன்", "சாத்தான் என் கைகால்களை ஆட்டுகின்றான்", "வேதத்தின் ஒவ்வொரு வரியும் என்னைக் குறித்தே எழுதப்பட்டது" என்பன போன்று அது சமய வண்ணம் பெறும்போது, சமயம் சார்ந்த பிறழ்நம்பிக்கை என்கிறோம்.

ஜெர்மானிய அறிஞர் கார்ல் யாஸ்பர்ஸ் 1913-ஆம் ஆண்டிலேயே ஒரு வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். நோயின் உருவம் வேறு, அதன் உள்ளடக்கம் வேறு என்பது அது. உருவத்தை நோய் தருகின்றது. உள்ளடக்கத்தை அவன் பிறந்த ஊரும் வளர்ந்த வீடும் தருகின்றன. பானை ஒன்றே, அதில் மொண்டு ஊற்றும் நீர் ஊருக்கு ஊர் வேறு. வானொலி வந்தபின் நோயாளிகள் வானொலி தம்மைக் குறித்துப் பேசுவதாக நம்பினர். இன்று கைப்பேசி அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. முன்னோரும் சூனியமும் தேவாலயமும் சூழ்ந்த ஊரில் வளர்ந்தவனின் நோய், அவற்றின் மொழியிலேயே பேசுகின்றது.

பானை ஒன்றே என்பதற்கு அண்மையில் கிடைத்த சான்றும் கோசா மக்களிடமிருந்தே வந்தது. மனச்சிதைவுற்ற கோசா மக்கள் 909 பேரையும், நோயற்ற கோசா மக்கள் 917 பேரையும் ஒப்பிட்டு, தென்னாப்பிரிக்க, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2020-ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மூளையில் ஒரு நரம்பணு மற்றொன்றிற்குச் செய்தி தரும் சந்திப்புகளில் பணிபுரியும் மரபணுக்களில், ஊறு விளைவிக்கும் அரிய மாற்றங்கள் நோயாளிகளிடம் மிகுதியாக இருந்தன. ஐரோப்பிய நோயாளிகளிடம் முன்னர்க் கண்டதும் இதனை ஒத்ததே. ஆகவே இந்நோய் கறுப்பர்க்கென்றோ வெள்ளையர்க்கென்றோ தனியே படைக்கப்பட்டதன்று. மனித மூளைக்குப் பொதுவானது.

எதிர்பார்ப்பும் எண்ணிக்கையும்

இவ்வளவு சமயப் பற்றுடைய மக்களிடையே, நோயாளிகளின் பிறழ்நம்பிக்கையும் பெரும்பாலும் சமயம் பற்றியதாகத்தானே இருக்கும் என்று நமக்குத் தோன்றும். 2015-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, மனச்சிதைவுற்ற கோசா நோயாளிகள் 400 பேரிடம் இதனைத் தேடிப் பார்த்தது. அவர்களுள் சமயம் சார்ந்த பிறழ்நம்பிக்கை உடையோர் 72 பேர். அஃதாவது நூற்றுக்கு 18 பேர். ஐவரில் ஒருவர்கூட இல்லை! இங்கிலாந்தில் மருத்துவமனையில் சேர்ந்த 193 நோயாளிகளிடம் நடந்த ஆய்வொன்றில் இது நூற்றுக்கு 24 ஆக இருந்தது.

இதற்குக் காரணம் என்ன? என் கருத்தைச் சொல்கின்றேன். முன்னோர் பேசுவது இயல்பு என்று கருதும் நாட்டில், "முன்னோர் பேசினர்" என்பதை மட்டும் கொண்டு ஒருவனை நோயாளிக் கணக்கில் சேர்க்க முடியாது. அவனுடைய சொந்த மக்களும் "இது நம் வழக்கமன்று" என்று சொன்னால்தான் அது பிறழ்நம்பிக்கை. அன்றியும், நோயுற்ற உள்ளம் அஞ்சும்போது, அவ்வச்சம் கடவுளைவிடப் பகைவனையும் சூனியக்காரனையுமே எளிதில் பற்றிக்கொள்கின்றது. "நானே கடவுள்" என்பதினும் "எனக்கு எவனோ செய்வினை வைத்தான்" என்பது துயருற்ற மனத்திற்கு அண்மையில் உள்ள சொல்.

அழைப்பும் அலைப்பும்

கோசா மக்களே இத்தகைய நிலைகளைப் பகுத்துப் பெயரிட்டிருக்கின்றனர். அவற்றுள் இரண்டை மட்டும் கூறுவேன்.

முதலாவது 'உகுத்வாசா'. முன்னோர் ஒருவரைக் குறிசொல்லும் வைத்தியராகும்படி அழைப்பது இது. அழைப்பு முதலில் நோயாகவே வரும். அழைக்கப்பட்டவர் இடைவிடாது கனவு காண்பார், உடல் நோகும், தனிமையை நாடுவார், தம்மைப் பேணுவதையும் மறப்பார். அழைப்பை ஏற்று, தேர்ந்த வைத்தியர் ஒருவரிடம் மாணாக்கராகி, உடலில் வெண்களிமண் பூசி, வெண்மணி அணிந்து நீண்ட காலம் பயில்வார். பயிற்சி முடிந்ததும் ஊரார் மதிக்கும் வைத்தியராக வெளிவருவார்.

இரண்டாவது 'அமஃபுஃபுன்யானா'. இது அழைப்பன்று, அலைப்பு. கல்லறை மண்ணையும் அங்குள்ள எறும்பையும் கொண்டு பகைவர் செய்த சூனியத்தால் தீய ஆவிகள் உடலுள் புகுந்துவிடுகின்றன என்று நம்புவர். பாதிக்கப்பட்டவர் வெறி கொள்வார். வயிற்றினுள்ளிருந்து பேசுவதுபோல் வேற்றுக்குரலில், சில வேளைகளில் வேற்றுமொழியில் பேசுவார்.

இவற்றோடு 'உகுபம்பானா' என்ற சொல்லும் அவர்களிடம் உண்டு. பித்துப்பிடித்தல் என்பது அதன் பொருள். ஒன்றையொன்று குறுக்கிட்டு மாறிப்போதல் என்ற கருத்தில் பிறந்த சொல் அது. நாமும் 'பிறழ்தல்' என்றுதானே சொல்கின்றோம்? தெய்வ அழைப்பு வேறு, பித்து வேறு என்று அம்மக்களே அறிந்திருந்தனர் என்பதற்கு அச்சொல்லே சான்று.

அறிந்திருந்தும் தடுமாற்றம் நேர்கின்றது. மனச்சிதைவுற்ற கோசா நோயாளிகள் 247 பேரிடம் நடந்த ஆய்வொன்று 2004-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்களுள் பாதிக்கும் சற்று மேற்பட்டோர்க்கு முன்னரே 'அமஃபுஃபுன்யானா' என்று பெயர் சூட்டப்பட்டிருந்தது. 'உகுத்வாசா' என்று சொல்லப்பட்டவர் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. அச்சிறு தொகையினரின் குடும்பங்களிலேதான் மனநோய் முன்பும் மிகுதியாக இருந்தது என்பது ஆய்வாளர் கண்ட செய்தி. அன்பர்களே! இந்த எண்களுக்குப் பின்னே எத்தனை தாய்மார் இருக்கின்றனர் என்பதை எண்ணிப் பாருங்கள். மகனின் நோய்க்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது என்ற ஆறுதலோடு பூசைக்கும் பலிக்கும் பொருள் தேடி அலைந்த தாய்மார் அவர்கள். பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. நோயை அருள் என்றோ ஆவி என்றோ கொள்வதால் நேரும் பிழை இது.

நோன்டேத்தா என்ற மூதாட்டி

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. நம்பிக்கையை நோய் என்று கொள்வதே அது. அதனைப் படித்த மருத்துவர்களும் அதிகாரிகளும் செய்தனர். அவ்வரலாற்றைச் சொல்லாமல் சென்றால் நான் என் தொழிலுக்கு வழக்கறிஞனாவேனே அன்றி உங்களுக்கு உண்மை உரைத்தவனாகேன்.

கோசா மக்களின் தீர்க்கதரிசிகளைக் கண்டு வெள்ளை ஆட்சி நெடுங்காலமாகவே அஞ்சியிருந்தது. 1856-ஆம் ஆண்டில் நோங்கவூசே என்னும் பதினைந்து வயதளவான சிறுமி, ஆற்றோரத்தில் புதியவர் சிலரைக் கண்டதாகவும், மக்கள் தம் மாடுகளைக் கொன்று தானியத்தை அழித்தால் மாண்டோர் எழுந்து வருவர் என்று அவர்கள் கூறியதாகவும் சொன்னாள். ஐரோப்பாவிலிருந்து வந்த நுரையீரல் நோயால் மாடுகள் மடிந்துகொண்டிருந்த காலம் அது. போருக்குப் பின் போராக நிலம் பறிபோன காலம். மக்கள் பலர் நம்பினர், சிலர் மறுத்தனர். ஏறத்தாழ நான்கு லட்சம் மாடுகள் கொல்லப்பட்டன. நாற்பதாயிரம் பேர் பட்டினியால் மாண்டனர் என்பது வரலாற்றாசிரியர் மதிப்பு. அம்மக்கள் அனைவர்க்கும் மனநோய் என்று சொல்வது அறியாமையாகும். துயரின் அடித்தளத்தில் நின்ற ஒரு சமுதாயம் பற்றிய நம்பிக்கை அது. பெரும் பிழை, ஆயினும் நோயன்று. பிழையான நம்பிக்கை எல்லாம் பிறழ்நம்பிக்கை ஆகாது.

பின்னர் 1921-ஆம் ஆண்டு மே 24 அன்று, குவீன்ஸ்டவுன் நகருக்கு அண்மையிலுள்ள புல்ஹூக் என்னும் இடத்தில், உலக முடிவை எதிர்பார்த்துக் கூடியிருந்த ஒரு சமயக் கூட்டத்தார் மீது காவற்படை சுட்டது. நூற்றறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த இரத்தம் உலர்வதற்குள், கிங் வில்லியம்ஸ் டவுன் வட்டாரத்தில் நோன்டேத்தா என்ற விதவைத் தாயின் பெயர் அதிகாரிகளின் காதில் விழுந்தது.

1918-ஆம் ஆண்டின் இன்ஃப்ளுயன்சாக் கொள்ளைநோய் தென்னாப்பிரிக்காவில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் மாய்த்தது. அதில் வீழ்ந்து பிழைத்தவர் நோன்டேத்தா. காய்ச்சலின்போது அவர் காட்சிகள் கண்டார். இந்நோய் இறுதித் தீர்ப்பின் முன்னறிவிப்பே என்றும், மக்களைத் திருத்தும் பணி தம்மிடம் ஒப்படைக்கப்பட்டது என்றும் உணர்ந்தார். மதுவை விலக்குங்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள், ஒற்றுமையாய் இருங்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார். தாம் எழுத்தறியாதவர், ஆயினும் கேட்பவர் பெருகினர்.

1922-ஆம் ஆண்டில் அவரைப் பிடித்தனர். சிறைக்கு அனுப்பவில்லை, மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பினர். விடுதலை பெற்றதும் மீண்டும் போதித்தார், மீண்டும் அடைத்தனர். 1924-இல் தொலைவிலுள்ள பிரிட்டோரியா நகர மருத்துவமனைக்கு மாற்றினர். தெய்வம் தம்மிடம் பேசிற்று என்று அவர் சொன்னதே நோய்க்குச் சான்றாயிற்று. அவருடைய அடியார்கள் ஏறத்தாழ அறுநூறு மைல் நடந்து அவரைக் காணச் சென்றனர். காணமுடிந்தது, மீட்க முடியவில்லை. 1935-ஆம் ஆண்டில் அவர் அங்கேயே புற்றுநோயால் இறந்தார். பெயரற்ற குழியில் புதைத்தனர். இராபர்ட் எட்கர், ஹிலரி சப்பையர் என்ற வரலாற்றாசிரியர் இருவரின் முயற்சியால் அக்குழி கண்டறியப்பட்டது. அறுபத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 1998-இல், அவர் எலும்புகள் ஊருக்குக் கொண்டுவரப்பட்டு, உற்றார் கண்ணீரோடு அடக்கம் செய்யப்பட்டன.

நோன்டேத்தாவிற்கு நோய் இருந்ததா, இல்லையா என்று நூறாண்டுக்குப் பின் நின்று நான் தீர்ப்புக் கூறப்போவதில்லை. ஆனால் ஒன்று தெளிவு. அவர் பேச்சு சிதறவில்லை. அதனை ஆயிரக்கணக்கானோர் புரிந்துகொண்டனர். அவர் வாழ்வு குலையவில்லை. அதனைச் சுற்றி ஒரு திருச்சபையே எழுந்தது. அஃது இன்றும் இருக்கின்றது. அவரை அடைத்த மருத்துவம் ஆட்சியின் அச்சத்திற்குக் கைக்கருவியாயிற்று. அவருடைய சொந்த மக்களைக் கேட்டு முடிவு செய்தார் எவரும் இலர்.

எவ்வாறு பகுத்தறிவது?

அப்படியானால் எப்படித்தான் வேறுபாடு காண்பது? சொல்லப்படும் செய்தியின் விந்தையை மட்டும் கொண்டு காணமுடியாது. எந்தச் சமயத்தின் கதையும் வெளியில் நிற்பவனுக்கு விந்தையே. நான் என் பணியில் பார்ப்பவை நான்கு.

முதலாவது, அவருடைய சொந்த மக்கள் என்ன சொல்கின்றனர்? கோசா இளைஞன் அழைப்பு வந்தது என்றால், தேர்ந்த வைத்தியரும் குடும்பத்து மூத்தோரும் அதனை ஏற்கின்றனரா? பல வேளைகளில் அவர்களே, "இஃது அழைப்பன்று, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்று சொல்லிவிடுவர்.

இரண்டாவது, அந்நிலைக்குத் தொடக்கமும் முடிவும் உண்டா? வழிபாட்டில் ஆவேசம் வந்தவர், பறை நின்றதும் தண்ணீர் கேட்டுக் குடித்து வீட்டு வேலையைப் பார்க்கச் செல்வார். நோய் எந்தப் பறைக்கும் கட்டுப்படாது, நள்ளிரவிலும் நிற்காது.

மூன்றாவது, அந்த அனுபவம் அவரை மக்களோடு சேர்க்கின்றதா, பிரிக்கின்றதா? நம்பிக்கை ஒருவனைக் கூட்டத்திற்குள் கொண்டுவரும். நோய் அவனைத் தனியறைக்குள் தள்ளிக் கதவை அடைக்கும்.

நான்காவது, அதனோடு கூட வேறு என்ன வந்தது? உறக்கம் கெட்டதா, பேச்சு தொடர்பற்றதா, படிப்பும் தொழிலும் சரிந்தனவா, எண்ணத்தைப் பிறர் ஆள்வதாகச் சொல்கின்றாரா? சமய வேடம் களைந்து பார்த்தால் உள்ளே நிற்பது நோயா என்பதை இவை காட்டிவிடும்.

மருத்துவ உலகம் இந்தப் பாடத்தைத் தாமதமாகவேனும் கற்றது. அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டில், மருத்துவர் நோயாளியிடம் கேட்கவேண்டிய 16 வினாக்கள் தரப்பட்டுள்ளன. உங்கள் துன்பத்தை நீங்கள் எப்பெயரால் அழைக்கின்றீர்கள், அதற்கு எது காரணம் என்று உங்கள் வீட்டார் கருதுகின்றனர் என்பன போன்ற வினாக்கள் அவை. மரபுவழி வைத்தியர்களைப் பதிவு செய்து நெறிப்படுத்தத் தென்னாப்பிரிக்கா 2007-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. இரு கையும் சேர்ந்தால்தான் நோயாளி கரையேறுவான்.

நம் வாயிலில்

இனி நம் முற்றத்திற்கு வருவோம். பிற மொழி வழங்கும் ஊரில் வாழ்பவர்கள் நாம். இந்த இரண்டு பிழைகளையும் நான் என் கண்ணாலேயே கண்டிருக்கின்றேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணிபுரிந்த மருத்துவமனையில், கணவனை இழந்த தமிழ் மூதாட்டி ஒருவரை அழைத்து வந்திருந்தனர். அவர் அறிந்தது தமிழ் ஒன்றே. "மாரியம்மா எங்கூடவே இருக்கா, ராத்திரி எல்லாம் பேசிக்கிட்டுத்தான் இருப்பேன்" என்று அவர் சொன்னதைப் பேரன் எப்படியோ மொழிபெயர்த்தான். இளம் டாக்டர், 'குரல் கேட்கின்றது, பிறழ்நம்பிக்கை உண்டு' என்று எழுதிவிட்டார். நான் அருகில் அமர்ந்து, "பாட்டி, அம்மன் பதில் சொல்லுவாளா?" என்றேன். "சொல்லாம என்ன? மனசுக்குள்ள சொல்லுவா" என்று சிரித்தார். அவருக்கு இருந்தது தனிமைத் துயர். தமிழ் பேச ஒருவர் வந்ததே அவருக்குப் பாதி மருந்தாயிற்று.

மற்றொன்று, வேறோர் ஊரில் நான் பார்த்த இளைஞன். நன்றாகப் படித்தவன். முருகன் ஆணையிட்டான் என்று சொல்லி உறக்கத்தையும் உணவையும் விட்டான். பெற்றோர் பெருமையும் அச்சமுமாக இரண்டு ஆண்டுகள் கோயில் கோயிலாக அழைத்துச் சென்றனர். என்னிடம் வந்தபோது அவன் பேச்சு முற்றும் சிதறியிருந்தது. அவன் தந்தை, "முன்னமே வந்திருந்தால்?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியும். ஆயினும் அந்நேரத்தில் அதைச் சொல்ல என் நா எழவில்லை. இந்நோயில் சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு திங்களும் மீள்வதைக் கடினமாக்குகின்றது. இன்று அவன் மருந்து உண்டு, வேலை பார்த்து, வெள்ளிக்கிழமை தோறும் கோயிலுக்கும் சென்று வருகின்றான். முருகனை அவனிடமிருந்து நான் பறிக்கவில்லை. ஆணையிட்ட அந்தக் கொடிய குரலைத்தான் மருந்து அடக்கியது.

நம் தமிழ்நாட்டிலேயே 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6 அன்று, ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினர். அருளை நாடி அழைத்து வரப்பட்டவர்கள் அவர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் இவ்வாறு சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. சட்டம் சங்கிலியை அகற்றும். நாணத்தை அகற்ற வேண்டியவர்கள் நாமே.

ஆதலின் உங்களிடம் மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேன். வீட்டில் இளையோர் ஒருவரின் போக்கு மாறினால், பூசை செய்யுங்கள். அதே வாரத்தில் மருத்துவரையும் பாருங்கள். ஒன்றிற்காக மற்றொன்றைத் தள்ளிப்போடாதீர்கள். எங்குச் செல்வது என்று தெரியாவிட்டால், 14416 என்ற அரசின் 'டெலி மானஸ்' தொலைபேசி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். இரண்டாவது, மருத்துவமனைக்குச் செல்லும் தமிழ் முதியோர்க்கு மொழித் துணையாக நம் சங்கத்திலிருந்து ஒருவர் உடன் செல்லும் ஏற்பாட்டை இவ்வாண்டே தொடங்குங்கள். என் பெயரை முதலாவதாக எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது, நோயுற்றவர் வீட்டை ஒதுக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி இந்நோயுற்றோர் மூவரில் ஒருவராவது முழுநலம் பெறுகின்றார். ஏனையோர் பலரும் மருந்தோடும் அன்போடும் வாழக்கூடியவரே.

நோன்டேத்தாவைக் காண அறுநூறு மைல் நடந்த அந்த எளிய மக்களை நினைத்துப் பாருங்கள். நோயாளி என்று முத்திரை குத்தப்பட்டவரை அவர்கள் கைவிடவில்லை. நம் காலனியில் நாம் நடக்கவேண்டிய தூரம் ஒரு தெருவின் தூரம்தான். அந்தத் தெருவைக் கடந்து, கதவைத் தட்டி, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பது எவர்க்கும் அரிய செயலன்று.